மூடாத கத்தி

தீவன மூட்டையைப் பிரிக்கக் கத்தி தேவையில்லை. வாய்த் தையலில் சரியான நூல் நுனியைக் கண்டுபிடித்து இழுத்தால் போதும். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சரசரவென்று கழன்று வந்துவிடும். தவறான நுனியை இழுத்தால் முடிச்சு விழும். அப்போதுதான் கத்தி. கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டேன். நான்கு வருடங்களில் எனக்கு முடிச்சு விழுந்தது ஐந்தாறு தடவை இருக்கும்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், திரு. ஹோல்ப்ரூக், நீங்கள் மூன்று முறை என்னை உட்கார வைத்து விசாரித்தும் இதை மட்டும் கேட்கவில்லை. உங்கள் மேல் குறை சொல்லவில்லை. நீங்கள் என்னை மரியாதையாக நடத்தினீர்கள், காப்பி வாங்கிக் கொடுத்தீர்கள், அறை புழுங்கியபோது சன்னலைத் திறந்து வைத்தீர்கள். தீவனக் கடையில் வேலை பார்த்தவர் யாராவது உங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பார்.

செவ்வாய், வியாழன் மாலைகளில் கல்லூரி வகுப்புக்குப் போகிறேன். அங்கே எழுத்துப் பாடம் எடுக்கும் ஆசிரியை தினமும் நோட்டில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். முதலில் நடந்தது, பிறகு காரணம், கடைசியில் உங்கள் கருத்து என்பார். அந்த வரிசையில் எழுத முயல்கிறேன். எனக்கு வரிசை பிடிக்கும். ஆனால் எது நடந்தது, எது காரணம் என்று பிரிப்பதில் எனக்கு எப்போதும் சந்தேகம் வந்துவிடும்.

என் பெயர் லைல் கோம்ஸ். வயது இருபத்தாறு. இதெல்லாம் உங்கள் கோப்பில் இருக்கிறது. கோப்பில் இல்லாதது, ஊரில் ஒன்றரை வருடம் என்னை யாரும் அந்தப் பெயரால் கூப்பிடவில்லை என்பது. பத்து என்றுதான் கூப்பிட்டார்கள்.

கடையில் கத்தி விற்கும் பகுதி என் பொறுப்பு. மடக்குக் கத்தி, வேட்டைக் கத்தி, தீட்டுக்கல், எண்ணெய். கண்ணாடி மேஜைக்கு அடியில் மாநிலச் சட்டத்தின் முக்கியமான வரிகளை என் கையெழுத்தில் எழுதி வைத்திருந்தேன். வாங்க வருபவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"தம்பி, இதைச் சட்டைக்குள்ள மறைச்சு வெச்சுக்கலாமா?"

"தாராளமா வெச்சுக்கலாம் சார். இருபத்தொண்ணு ஆனவங்களுக்கு இப்ப அனுமதி அட்டையே வேண்டாம். பள்ளிக்கூடத்துக்குள்ள மட்டும் கொண்டு போயிடாதீங்க."

சாதாரண மடக்குக் கத்தியை எங்கள் கென்டக்கிச் சட்டம் ஆயுதமாகவே கருதுவதில்லை என்று நான் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதியைக் கொடுப்பவனாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

அட்டை வேண்டாம் என்றாலும் அந்த அட்டைக்காக வெண்டல் நேப்பியர் நடத்தும் வகுப்பில் கூட்டம் குறையவில்லை. பக்கத்து மாநிலங்கள் சிலவற்றில் அட்டை கேட்பார்கள். அதோடு, அட்டை இருப்பது இங்கே ஒரு மரியாதை. நேப்பியர் சார் சுரங்க மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தீயணைப்பு நிலையத்தின் பின் அறையில் சட்டப் பாடம், பழைய கல்குவாரியில் சுடும் பரீட்சை. ஆள் உயரக் காகிதம், இருபத்தொரு அடி தூரம், இருபது தோட்டா. பதினொன்று பட்டால் தேர்ச்சி. அந்தத் தூரத்தில் பதினொன்று படாமல் போவதுதான் கஷ்டம் என்பார்கள். நான் பரீட்சைக்குப் போன அன்று எங்களோடு சுட்ட எழுபது வயது பெண்மணிக்குப் பதினெட்டு பட்டது.

எனக்குப் பத்து.

என் காகிதத்தை எடுத்து வந்தவன் ஓரின் ஸ்டிடம். குதிரைகளுக்கு லாடம் அடிப்பவன். முப்பத்து நான்கு வயது, பெரிய கைகள், எங்கள் கடைக்குத் தினமும் வருபவன். ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரல் வைத்துச் சத்தமாக எண்ணினான். பத்து வந்ததும் நிறுத்தினான். காகிதத்தைத் திருப்பினான்.

"பின்பக்கம் ஏதாவது இருக்கான்னு பாக்குறேன்," என்றான்.

பதினான்கு பேர் இருந்தோம். பதின்மூன்று பேர் சிரித்தார்கள். அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. இதை நான் அன்றே நோட்டில் எழுதியிருக்கிறேன்: "கெட்ட எண்ணம் இல்லை." அடிக்கோடு போட்டிருக்கிறேன். எதற்கு அடிக்கோடு என்று இப்போது தெரியவில்லை.

மறுநாளிலிருந்து பத்து. கடையில், பெட்ரோல் போடுமிடத்தில், பள்ளி மைதானத்து ஆட்டத்தில். "பத்து, ரெண்டு மூட்டை கோழித் தீவனம் எடுத்துப் போடு." முதலாளிகூட ஒருமுறை தவறிப்போய்ச் சொன்னார். மறுபடி பரீட்சைக்குப் போகலாம், போகவில்லை. துப்பாக்கியை எடுத்தாலே கை நடுங்கியது. அதற்குப் பதில் நாலு அங்குல அலகுள்ள ஒரு உறைக்கத்தியை வாங்கிச் சட்டைக்குள் இடுப்பில் வைத்துக்கொண்டேன். தற்காப்புக்காக. யாரிடமிருந்து என்று நீங்கள் கேட்டீர்கள். பொதுவாக என்றேன். அது உண்மைதான் என்று நினைக்கிறேன், அப்போதைக்கு.

போன வருடம் ஆகஸ்டில் நேப்பியர் சார் என்னைக் கூப்பிட்டார். "கத்திச் சட்டம் உனக்கு என்னைவிட நல்லாத் தெரியும் லைல். ஒரு சாயங்காலம் நீயே பாடம் எடேன்." என் பெயரைச் சொன்னார். பதினொரு நாள் தயார் செய்தேன். நாற்பது நிமிடம் பேசினேன். எது சாதாரண மடக்குக் கத்தி, எது இல்லை. தாக்க வருபவனிடமிருந்து பின்வாங்கும் கடமை நம் சட்டத்தில் கிடையாது. ஆனால் பின்வாங்கினால் பார்ப்பவர்களுக்கு நல்லெண்ணம் வரும். சத்தமாக எச்சரிக்க வேண்டும், சாட்சிகள் காதில் விழும்படி. கை வழுக்காமல் தடுக்கும் கைக்காப்பு இல்லாத மடக்குக் கத்தியால் குத்துபவனுக்கு உள்ள ஆபத்தையும் சொன்னேன்: கை வழுக்கி அலகின் மேல் போய்விடும், விரல்களின் உட்புறம் வெட்டுப்படும். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். நான் பேசி அத்தனை பேர் குறிப்பெடுத்தது அதுதான் முதல் தடவை.

கடைசியில் கேள்வி உண்டா என்றேன். முன்வரிசையில் ஓரின் கையைத் தூக்கினான். அட்டை எப்போதோ வாங்கியவன். சும்மா வந்து உட்கார்ந்திருந்தான்.

"ஒரு சந்தேகம் வாத்தியாரே. எதிரி இருபது தடவை குத்த வந்தா, நீ பத்தைத்தான் தடுப்பியா?"

அறை அதிர்ந்தது. நேப்பியர் சாரும் சிரித்தார், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு. அந்தக் கை எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இரண்டு நாள் கழித்து ஓரின் கடைக்கு வந்தான். "கோவமா பத்து? சும்மா சொன்னதுடா. பாடம் நல்லா இருந்துது, நெஜமா." பிறகு ஒரு சுருட்டிய காகிதத்தைக் கொடுத்தான். என்னுடைய பழைய சுடும் காகிதம். பத்து ஓட்டைகளுக்கு நடுவே பென்சிலால் குத்திய பதினொன்றாவது ஓட்டை. "தேர்ச்சி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். நான் சிரித்துக்கொண்டே கல்லாவுக்குப் பின்னால் மாட்டினேன். மாட்டாவிட்டால் இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

இனி செப்டம்பர் நான்காம் தேதி. இதை நிதானமாக எழுத வேண்டும்.

எங்கள் மலைப்பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். நீங்களும் இந்தப் பக்கத்துக்காரர்தான். ஒருவன் திறந்த மடக்குக் கத்தியை இன்னொருவன் மூடக் கூடாது. திறந்து கொடுத்தால் திறந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். மூடியதை வாங்கி நாமே திறந்தால் நாமே மூடிக் கொடுக்க வேண்டும். தவறினால் கெட்டது நடக்கும்; என்ன கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. பெரும்பாலானவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே கடைப்பிடிப்பார்கள். ஓரின் சிரிக்காமல் கடைப்பிடிப்பவன். அவனுடைய அப்பா சுரங்கத்துக்குள் இறந்த அன்று காலை, அவர் திறந்து வைத்த கத்தியை யாரோ மூடிவிட்டார்களாம். யார் என்று அவன் சொன்னதில்லை. அவனாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியதுண்டு. அப்போது அவனுக்கு ஒன்பது வயது.

அன்று கடையின் பின்முற்றத்தில் மாடுகள் நக்குவதற்கான உப்புக்கட்டிகள் வந்து இறங்கியிருந்தன. பிளாஸ்டிக் பட்டையை அறுக்க வேண்டும். ஓரின் இரண்டு கையிலும் உப்புக்கட்டியோடு நின்றான். "என் வலது பாக்கெட்ல இருக்கு, எடுத்துக்கோ," என்றான். எடுத்தேன், திறந்தேன், அறுத்தேன். அதற்குள் தொலைபேசி. அவன் கட்டிகளைக் கீழே வைத்திருந்தான்; பேசிக்கொண்டே கத்தியை அவன் கையில் கொடுத்துவிட்டு நடந்தேன். மூட மறந்துவிட்டேன். அது மறதிதான்; அதை மட்டும் நீங்கள் நம்பலாம்.

அவன் என் பின்னாலேயே வந்தான். "டேய் பத்து, மூடிட்டுப் போடா. நீ தொறந்ததுதானே." தொலைபேசியில் இருந்ததால் முதலில் எனக்குக் காதில் விழவில்லை. முற்றம் முழுவதும் துரத்திக்கொண்டு வந்தான். திரும்பிப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கி, "மன்னிச்சுக்கோப்பா, மறந்துட்டேன்," என்றேன். மூடிக் கொடுத்தேன். இருவரும் சிரித்தோம். அவ்வளவுதான்.

அதே வாரம் முதலாளி ஒரு வேலை சொன்னார். பின்வாசல் கதவை யாரோ வண்டியால் இடித்திருந்தார்கள்; எந்த வண்டி என்று கேமராப் பதிவில் தேடச் சொன்னார். அலுவலக அறையில் தனியாக உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தேன். அதில் எங்கள் இருவரையும் பார்த்தேன். அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. உயரத்திலிருந்து, ஓரினின் முதுகுப் பக்கத்திலிருந்து எடுக்கிறது. ஒரு பெரிய மனிதன் கையை நீட்டிக்கொண்டு வேகமாக வருகிறான், கையில் ஏதோ பளபளக்கிறது. ஒல்லியான ஒருவன் திரும்பி இரண்டு கையையும் தூக்குகிறான். அந்த ஒல்லியானவனைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மூன்று தடவை பார்த்தேன்.

உப்புக்கட்டி அடுக்கியிருந்த மூலை படத்தில் விழவில்லை என்பதையும் கவனித்தேன். நான் கத்தியை வாங்கியது அதில் இல்லை.

பதிவு முப்பது நாளில் தானாக அழிந்துவிடும். அக்டோபர் நான்காம் தேதி, கடை திறந்ததும் போய்ப் பார்த்தேன். அழிந்திருந்தது. அதைத் திட்டம் என்று அப்போது நான் சொல்லியிருக்க மாட்டேன். அழிந்துவிட்டதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். ஆனால் நோட்டில் அந்தத் தேதிக்கு எதிரே "அழிந்தது" என்று ஒரே ஒரு சொல் இருக்கிறது. வேறு எந்த நாளும் நான் ஒரே சொல்லில் எழுதியதில்லை.

அக்டோபர் ஒன்பது, வியாழன், பிற்பகல் மூன்று மணி. மழை இல்லை, காற்று இருந்தது.

ஓரின் குதிரைத் தீவனம் எடுக்க வந்தான். கக்கத்தில் ஒன்று, தோளில் ஒன்று என்று இரண்டு மூட்டை. நான் உப்புக்கட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மூட்டையோடு நின்றேன். தையலில் முடிச்சு விழுந்திருந்தது. நான்தான் விழ வைத்தேன். தவறான நுனியை இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. பழகிய கை தவறாக இழுக்க மறுத்தது.

"உன் கத்தியைக் குடு ஓரின். முடிச்சு விழுந்துட்டுது."

"நாலு வருஷமா மூட்டை பிரிக்கிறவனுக்குக் கத்தி வேணுமா? கடை நெறையக் கத்தி வெச்சிருக்கே, உனக்கு ஒண்ணு இல்லையா?"

"எடுக்கப் போகணும்."

"வாத்தியாரு நடக்கக் கூடாது, அதுவும் சரிதான். பாக்கெட்ல இருக்கு, எடுத்துக்கோ." எனக்கு வாகாகத் திரும்பி நின்றான். நான் எடுத்துக்கொண்டிருக்கும்போதே பேசினான். "டேய், சனிக்கிழமை வீட்டுக்கு வாயேன். ட்வைலா பீன்ஸ் வேக வெக்கிறா, சோள ரொட்டி உண்டு. சாப்டுட்டு பின்னால வயல்ல சுடலாம். யாரும் இருக்க மாட்டாங்க. மூச்சை விட்டுட்டுச் சுடணும்டா, நீ பிடிச்சுக்கிட்டுச் சுடுறே, அதான் கை ஆடுது. நாலு வாரத்துல பதினொண்ணு அடிக்க வெக்கிறேன். அடிச்சுட்டா பேரை மாத்திடலாம்."

"என்ன பேரு வெப்பே?"

"பதினொண்ணு."

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது. இதை உங்களிடம் சொல்லாமல் விட்டதில் எனக்கு மற்ற எதையும்விட அதிக வெட்கம். அவன் கூப்பிட்டது காதில் விழுந்தது. அது நல்ல மனதோடு கூப்பிட்டது என்றும் புரிந்தது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த எதுவும் தேவைப்படவில்லை, கத்தியை மூட வேண்டியதுதான்.

முடிச்சை அறுத்தேன். அவன் மூட்டைகளைக் கீழே வைத்திருந்தான். திறந்த கத்தியை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

"டேய். மூடலையே."

நான் நிற்கவில்லை. அவன் வருவான் என்று தெரியும். ஆறு எட்டு வைத்துப் படத்துக்குள் வந்ததும் திரும்பினேன், பின்பக்கமாக நடந்தேன், கைகளை மார்பளவுக்குத் தூக்கினேன். உள்ளே கல்லாவில் இருந்தவருக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

"வேண்டாம் ஓரின். கிட்ட வராதே."

அவன் அதை விளையாட்டு என்று எடுத்துக்கொண்டான். "என்னடா ஆச்சு பத்து, மூடிட்டு ஓடிப் போ," என்று சிரித்துக்கொண்டே வந்தான். சுவருக்கு நான்கடி இருக்கும்போது என் கத்தியை எடுத்தேன். ஒரு தடவைதான். எங்கே என்று உங்களுக்குத் தெரியும்.

பிறகு சட்டையைக் கழற்றிக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்தேன். அதுவும் பதிவில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் உங்களுக்கு என் மேல் இரக்கம் வந்தது என்று நினைக்கிறேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. சிமெண்ட் தரையில் திறந்தபடி கிடந்த தன் கத்தியைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

தொலைபேசியில் நான் சொன்னது நேப்பியர் சார் எல்லோருக்கும் மனப்பாடம் செய்விக்கும் வாக்கியம். உயிருக்குப் பயந்தேன், தற்காத்துக்கொண்டேன், ஆம்புலன்ஸ் அனுப்புங்கள், மற்றதை வக்கீலோடு பேசுகிறேன். தடுமாறாமல் சொன்னேன். இருபதுக்கு இருபது.

நீங்கள் கேட்டது எல்லாம் நியாயமான கேள்விகள். முன்பகை உண்டா? பட்டப்பெயர் உண்டு, பகை இல்லை. அவர் குடித்திருந்தாரா? தெரியாது. அவருடைய கத்தியில் உங்கள் ரேகை எப்படி? அதை மாதாமாதம் தீட்டி எண்ணெய் போட்டுக் கொடுப்பவன் நான்தான். ஒரு கேள்வியில் மட்டும் நீங்கள் கொஞ்சம் நிறுத்தினீர்கள். ஓரினின் வலது கையில் நான்கு விரல்களின் உட்புறத்திலும் வெட்டு இருந்தது. அது எப்படி வந்திருக்கும் என்றீர்கள். கைக்காப்பு இல்லாத கத்தியால் பாய்ந்தால் கை வழுக்கி அலகின் மேல் போகும் என்று விளக்கினேன். வகுப்பில் சொன்ன அதே சொற்கள். நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். நேப்பியர் சாரும் வந்து அது சரிதான் என்று சொன்னார்.

வழக்கு இல்லை என்று முடிவானது. பின்வாங்க வேண்டிய கடமை இல்லாதபோதும் பின்வாங்கியிருக்கிறார் என்று அரசு வக்கீல் எழுதியதாகச் சொன்னீர்கள். கடையில் ஆட்கள் என் கையைக் குலுக்கினார்கள். கத்தி விற்பனை கூடியது. யாரும் பத்து என்று கூப்பிடவில்லை. கல்லாவுக்குப் பின்னால் இருந்த காகிதத்தை யாரோ எடுத்துவிட்டார்கள். முதல் வாரம் அது எனக்கு நன்றாகவே இருந்தது. இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், ஆனால் நடந்ததை முதலில் எழுத வேண்டும்.

இந்தத் திங்கட்கிழமை மதியம் ட்வைலா ஸ்டிடம் கடைக்கு வந்தாள். ஓரினின் மனைவி. அன்றைக்குப் பிறகு நான் அவளை நேரில் பார்த்ததில்லை. பாத்திரம் துடைக்கும் துணியில் எதையோ சுற்றிக் கையில் வைத்திருந்தாள். கண்ணாடி மேஜையின் மேல் வைத்துப் பிரித்தாள். உங்கள் அலுவலகம் திருப்பிக் கொடுத்த கத்தி. திறந்தபடியே இருந்தது.

"பிரிட்ஜ் மேல வெச்சிருந்தேன் தம்பி. ஜூனி நாற்காலி போட்டு ஏறி எடுத்துட்டா. விரல்ல கீறிக்கிட்டா. அவங்க அப்பாவோடதாம், கையில வெச்சுக்கணுமாம்."

"மூடி வெச்சுடலாமே," என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அவர் தொறந்தது. நான் எப்படி மூடுவேன்? இனி மூடவும் ஆள் இல்லையே." துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். "தொறந்த மாதிரியே போட்டு வெக்க ஒரு தோல் உறை தெச்சுக் குடுப்பியா? ஜூனி பெரியவளானதும் குடுக்கணும். வாங்கிப்பாளான்னு தெரியல."

"தெச்சுத் தர்றேன்."

"இன்னொண்ணு. உன்கிட்ட வந்து மன்னிப்புக் கேக்கணும்னு நாலு மாசமா நெனைக்கிறேன். வெக்கமா இருந்துது, வரல. அவர் உன்னை அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது."

நான் அளவு நாடாவை எடுத்து மேஜை மேல் வைத்தேன்.

"பஸ்ல பசங்க சொல்றாங்களாம், உங்கப்பா கத்தி எடுத்துட்டு ஓடினவருன்னு. அப்பா கெட்டவராம்மான்னு கேக்குறா. என்ன சொல்றதுன்னு தெரியல. நீ அங்க இருந்தவன். நீயே சொல்லு, நான் என்ன சொல்லட்டும்?"

"மனுஷன் சில நேரம் தன்னை மறந்துடுறான்னு சொல்லுங்க."

அவள் தலையாட்டினாள். வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "ஒண்ணுதான் எனக்குப் புரியல தம்பி. கோவம் வந்தா அவர் கையில இருக்கிறதைக் கீழ வெச்சுடுவாரு. சுத்தியலா இருந்தாலும் சரி, சாப்பிடுற கரண்டியா இருந்தாலும் சரி. கையை இப்படிப் பின்னால கட்டிக்குவாரு. பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூட மாறினதில்ல." தன் கைகளைப் பின்னால் கட்டிக் காட்டினாள். பிறகு, "சரி, சனிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்," என்று போய்விட்டாள்.

அளவு எடுத்தேன். அலகு மூன்றேகால் அங்குலம். இரண்டு மாலைகளில் தைத்து முடித்தேன், வகுப்புக்குப் போகவில்லை. நல்ல தோல், இரட்டைத் தையல். நேற்று கத்தியை அதில் போட்டுப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. வெளியே எடுத்தேன். மறுபடி போட்டேன். கட்டைவிரல், அலகை மடக்க அழுத்தும் பூட்டின் மேல் போனது. இந்த மாவட்டத்தில், எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில், இந்தக் கத்தியை மூடும் உரிமை உள்ளவன் ஒருவன்தான் உயிரோடு இருக்கிறான். அது எனக்கும் ஓரினுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மூடவில்லை. மூடியதை அவள் பார்த்தால் கேட்பாள். கேட்டால் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. உண்மையான பயம் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். அக்டோபர் ஒன்பதாம் தேதி அப்படி எதுவும் எனக்குள் இருக்கவில்லை.

இன்று வெள்ளி. நாளை அவள் வருவாள். அதற்குள் இந்த நோட்டும் கத்தியும் உறையும் உங்கள் மேஜைக்கு வந்துவிடும், நானும் வருவேன். என்னை என்ன செய்வீர்கள் என்பது உங்கள் வேலை. அவள் வருவதற்கு முன்னால் நீங்கள் அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். ஜூனி வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். அவளுடைய அப்பா கத்தியை எடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன் என்று சொல்லுங்கள். நான் திறந்ததை நானே மூட வேண்டும் என்று கேட்டுத்தான் அவர் பின்னால் வந்தார் என்று சொல்லுங்கள். அந்த வழக்கம் அவளுக்குத் தெரியும். எட்டு வயதுக் குழந்தைக்குக்கூட உடனே புரிந்துவிடும்.

கடைசியில் கருத்து எழுத வேண்டும். கருத்து எதுவும் இல்லை. திருத்தம் ஒன்று இருக்கிறது. விரல் வெட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்டபோது கை வழுக்கியது என்றேன். ஓரினின் கை வழுக்கவில்லை. திறந்த கத்தியை இன்னொருவரிடம் நீட்டும்போது அலகைத் தன் விரல்களுக்குள் வைத்துக்கொண்டு நீட்டுவது அவன் பழக்கம். எந்தச் சட்டத்திலும் அப்படி எழுதியிருக்கவில்லை. நான் குத்தியபோது அந்த விரல்கள் இறுகின. கைப்பிடி கடைசிவரை என் பக்கமே நீட்டியிருந்தது.